தொலை அளவீட்டில் சுழியும் மௌனமும்

தொலைவில் இருக்கும் ஒரு சென்சாரிலிருந்து சுழி என்ற எண் வந்து சேர்ந்தால் அதற்கு மூன்று பொருள்களாவது இருக்கக்கூடும். அளக்க நினைத்தது அங்கே உண்மையிலேயே இல்லாமல் இருக்கலாம், சென்சார் பழுதாகியிருக்கலாம், அல்லது அளவு மிக அதிகமாகி, சென்சாரால் தாங்க முடியாமல் போயிருக்கலாம். கருவியின் அருகில் நிற்பவர் கம்பியை அசைத்துப் பார்த்தும் வேறொரு கருவியை வைத்து ஒப்பிட்டும் இந்த மூன்றில் எது என்று கண்டுகொள்வார். தொலைவிலிருந்து அளப்பவருக்கு வந்து சேர்ந்த எண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. ஆகவே, எண்ணுடன் கூடவே அது எந்த நிலைமையில் எடுக்கப்பட்டது என்ற செய்தியும் வந்தாக வேண்டும் என்பதே இத்துறையில் பணிபுரியும் எனது உறுதியான கருத்து.

இதற்கு நான் எப்போதும் முதலில் நினைவுகூர்வது 1958-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 1 செயற்கைக்கோளை. அயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் வான் ஆலனின் குழுவினர் அண்டக்கதிர்களை எண்ணுவதற்காக அதில் ஒரு கைகர் எண்ணியை வைத்திருந்தார்கள். விநாடிக்கு ஏறத்தாழ 30 துகள்கள் பதிவாகும் என்பது அவர்களது எதிர்பார்ப்பு. தாழ்ந்த உயரங்களில் அவ்வாறே பதிவானது. ஆனால் செயற்கைக்கோள் மேலே சென்ற சில இடங்களில் எண்ணிக்கை சுழியாகிவிட்டது. அதில் பதிவு நாடா இல்லாததால், தரை நிலையங்களுக்கு மேலே கடக்கும்போது கிடைத்த துண்டுத் துண்டான தரவு மட்டுமே கையில் இருந்தது. கருவி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அதே ஆண்டு மார்ச் மாதத்தில் பதிவு நாடாவுடன் ஏவப்பட்ட எக்ஸ்புளோரர் 3 ஒரு சுற்று முழுவதற்குமான தரவைக் கொடுத்தபோதுதான், எண்ணிக்கை முதலில் வேகமாக உயர்வதும், பிறகு சட்டென்று சுழியாவதும், திரும்பி இறங்கும்போது மறுபடி உயர்ந்து தெரிவதும் விளங்கின. குழுவில் இருந்த கார்ல் மக்கில்வெய்ன் ஆய்வகத்தில் இருந்த எண்ணியின் மீது வலுவான எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சிப் பார்த்தார். அங்கும் எண்ணிக்கை சுழிக்கு இறங்கியது. துகள்கள் அளவுக்கு மீறிக் குவிந்ததால் எண்ணியின் உள்ளே இருந்த குழாயால் முழு மின்துடிப்புகளை உண்டாக்க முடியவில்லை. சிறுத்துப்போன துடிப்புகளை மின்சுற்று எண்ணவில்லை. பூமியைச் சூழ்ந்திருக்கும் வான் ஆலன் கதிர்வீச்சுப் பட்டைகள் இவ்வாறே கண்டறியப்பட்டன. சுழி உயர்வுக்கும் இறக்கத்துக்கும் நடுவில் அமைந்திருந்ததால்தான் அதற்குப் பொருள் கிடைத்தது என்பதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன்.

அளவுகோலின் மேல் எல்லையிலும் இதே ஆபத்து உண்டு. அப்பல்லோ 13 விண்கலத்தின் ஆக்சிஜன் தொட்டி ஏவுதலுக்கு முன்னர் தரையில் சோதிக்கப்பட்டபோது, உள்ளே இருந்த சூடேற்றிகள் பல மணி நேரம் இயங்கின. அவற்றை நிறுத்த வேண்டிய சுவிட்சுகள் உருகி ஒட்டிக்கொண்டிருந்தன. தொட்டியின் வெப்பநிலையைக் காட்டிய மானியோ 80 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் காட்டும்படி அமைக்கப்படவில்லை. உள்ளே கம்பிகளின் டெஃப்லான் உறை கருகிப்போகும் அளவுக்குச் சூடு ஏறிய வேளையில், பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு 80 என்ற எண்தான் தெரிந்தது. 80-இல் நிற்கிறது என்பதற்கும் 80-ஐத் தாண்டிவிட்டது என்பதற்கும் வேறுபாடு காட்டாத அளவுகோல், எல்லையைத் தொட்ட கணத்திலேயே அளப்பதை நிறுத்திவிடுகிறது.

தொழிற்சாலைக் கருவியியலில் இந்தச் சிக்கலுக்கு நெடுங்காலமாகவே ஓர் அழகான விடை இருக்கிறது. அங்கே அழுத்தம், மட்டம், வெப்பநிலை ஆகியவற்றை 4 முதல் 20 மில்லிஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக மாற்றி அனுப்புகிறார்கள். அளவு சுழியாக இருக்கும்போதும் 4 மில்லிஆம்பியர் ஓடிக்கொண்டே இருக்கும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் உண்மையான சுழிக்கு இறங்கிவிடும். அதை யாரும் காலித் தொட்டி என்று தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள். அந்த 4 மில்லிஆம்பியரே தொலைவில் உள்ள டிரான்ஸ்மிட்டர் இயங்குவதற்கான மின்சாரத்தையும் தருகிறது. சுழிக்கும் மௌனத்துக்கும் இடையே இவ்வளவு எளிமையாகக் கோடு கிழித்த வேறு ஏற்பாட்டை நான் அறியேன்.

வானொலி வழியாகவும் செயற்கைக்கோள் வழியாகவும் தரவு வரும்போது இந்த வசதி போய்விடுகிறது. பேட்டரியைக் காக்க வேண்டிய கருவி பெரும்பாலான நேரம் மௌனமாகத்தான் இருக்க வேண்டும். அப்படியானால் திட்டமிட்ட மௌனத்தையும் சாவின் மௌனத்தையும் எப்படிப் பிரித்தறிவது? ஆழ்கடல் சுனாமி மிதவைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. டார்ட் எனப்படும் அமைப்பில், கடலடித் தரையில் இருக்கும் அழுத்த சென்சார் 15 விநாடிக்கு ஒருமுறை அளந்து, ஒலியலை மூலம் மேலே மிதக்கும் மிதவைக்கும், அங்கிருந்து செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கும் செய்தி அனுப்புகிறது. எடுத்த அளவுகள் அனைத்தையும் அது அனுப்புவதில்லை. அமைதியான காலத்தில் 15 நிமிட இடைவெளி அளவுகளைச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை தொகுத்து அனுப்பும். எதிர்பார்த்த ஓதத்திலிருந்து நீர்மட்டம் சில சென்டிமீட்டர் விலகினால் மட்டும் நிகழ்வு நிலைக்கு மாறி அடிக்கடி பேசத் தொடங்கும். அமைதிக் காலச் செய்திகளில் புதிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றும். ஆனால் அவை வந்துகொண்டிருப்பதால்தான் நிகழ்வு நிலைச் செய்தி வராததை 'சுனாமி இல்லை' என்று படிக்க முடிகிறது. செலவு மிச்சம் என்று சொல்லி அந்த வழக்கமான செய்திகளைக் குறைக்கும் யோசனைகளை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான்.

கருவிகள் ஒரு சேவையகத்தின் வழியாகச் செய்தி பரிமாறிக்கொள்ள இன்று மிகப் பரவலாகப் பயன்படும் எம்க்யூடிடி நெறிமுறையும் இத்தகைய தேவையிலிருந்தே பிறந்தது. 1999-இல் ஆண்டி ஸ்டான்ஃபோர்ட் கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும், எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் இணைப்பு மூலம் கண்காணிப்பதற்காக அதை உருவாக்கினார்கள். ஒரு கருவி இணையும்போதே, தன் இணைப்பு எதிர்பாராமல் அறுந்தால் மற்றவர்களுக்குத் தெரிவிக்க வேண்டிய இறுதிச் செய்தியைச் சேவையகத்திடம் ஒப்படைத்துவிடலாம். குறிப்பிட்ட காலத்துக்குள் கருவியிடமிருந்து எந்த அசைவும் இல்லையென்றால் சேவையகம் அதை வெளியிடும். அதே நெறிமுறையில் கடைசி மதிப்பைச் சேமித்து வைத்துப் புதிதாக இணைபவருக்கு உடனே தரும் வசதியும் உள்ளது. பயனுள்ள வசதிதான், எனினும் மதிப்புடன் நேர முத்திரை இல்லாவிட்டால், என்றோ செத்துப்போன கருவியின் பழைய அளவு, இப்போதுதான் வந்தது போலத் திரையில் நிற்கும். அந்த முத்திரையைத் தரவு வந்து சேர்ந்த இடத்தில் இடாமல், அளவு எடுக்கப்பட்ட இடத்திலேயே இட வேண்டும். வழியில் தேங்கி நின்று வந்த தரவுக்கு இவ்விரண்டும் ஒன்றல்ல.

மாறாமல் நிற்கும் அளவையும் நான் சந்தேகத்துடன்தான் பார்க்கிறேன். உயிருள்ள சென்சாரின் கடைசி இலக்கத்தில் பெரும்பாலும் சிறு நடுக்கம் இருந்துகொண்டே இருக்கும். அந்த நடுக்கத்தை வடிகட்டி மழுப்பி அனுப்பும் மென்பொருள்கள், கருவி உறைந்துவிட்டதை உணர்த்தக்கூடிய கடைசித் தடயத்தையும் அழித்துவிடுகின்றன.

தரவைப் பொறுப்பாகக் கையாள்வதில் ஆர்கோ திட்டம் எனக்குப் பெரும் மதிப்பை ஏற்படுத்தியிருக்கிறது. உலகப் பெருங்கடல்களில் அதன் ஏறத்தாழ 4,000 மிதவைகள் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலெழுந்து வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அனுப்புகின்றன. ஒவ்வோர் அளவுடனும் ஒரு தரக்குறி இருக்கும்: 1 என்றால் நல்லது, 4 என்றால் கெட்டது, 9 என்றால் அளவே இல்லை. உப்புத்தன்மை சென்சார் காட்டும் அளவு காலப்போக்கில் உண்மையிலிருந்து விலகுவதை வல்லுநர்கள் பின்னர் திருத்தும்போது, திருத்திய மதிப்பைத் தனி இடத்தில் எழுதுகிறார்கள். மிதவை அனுப்பிய மூல மதிப்பு அழிக்கப்படாமல் பக்கத்திலேயே இருக்கும்.

இந்த ஒழுங்கு நம் வரைபடங்களிலும் வர வேண்டும் என்பது என் விருப்பம். பல மென்பொருள்கள் தரவு வராத இடைவெளியின் இரு முனைகளையும் தாமாகவே நேர்கோட்டால் இணைத்துவிடுகின்றன. பார்ப்பவருக்கு அது அமைதியான, ஒழுங்கான காலமாகத் தெரிகிறது. பெரும்பாலும் அதுவே எல்லாம் குலைந்திருந்த காலம். நான் பங்கேற்கும் ஒவ்வொரு வடிவமைப்பு ஆய்விலும், இடைவெளியை இடைவெளியாகவே விடுங்கள், அதற்கு மேலே கடைசிச் செய்தி வந்த நேரத்தையும் அப்போதிருந்த பேட்டரி மின்னழுத்தத்தையும் எழுதுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். கோடு உடைந்து தெரிவது அழகாக இல்லை என்பவர்களிடம், அந்தக் கோட்டைப் பார்த்து நள்ளிரவில் வால்வைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுக்கப் போகிறவர் யார் என்றுதான் கேட்பேன்.