லிங்கனின் செயலாளர்

காலையில் காபி ஆறுவதற்குள் சித்தப்பாவின் ஃபார்வர்டு வந்துவிட்டது. லிங்கன், கென்னடி ஒற்றுமைகள். பள்ளி நாட்களில் துணுக்குச் செய்தியாகப் படித்த அதே பட்டியல்!

1860இல் ஒருவர் அமெரிக்க அதிபராகத் தேர்வானார், 1960இல் மற்றவர். இருவரும் சுடப்பட்டது வெள்ளிக்கிழமை, மனைவி பக்கத்தில் இருக்கும்போது. அடுத்து வந்த இருவருமே ஜான்சன். ஒருவர் பிறந்தது 1808, இன்னொருவர் 1908. சரி, இதெல்லாம் உண்மைதான்.

எனக்குப் பிடித்தது ஃபோர்டு. லிங்கன் சுடப்பட்டது ஃபோர்டு தியேட்டரில். கென்னடி சுடப்பட்டபோது போய்க்கொண்டிருந்த கார் ஃபோர்டு நிறுவனத்தின் தயாரிப்பு. காரின் பெயர்?

லிங்கன்.

ஆனால் ‘லிங்கனின் செயலாளர் பெயர் கென்னடி’ என்பது கப்சா. அவருடைய செயலாளர்கள் நிக்கோலேயும் ஹேயும். கென்னடியிடம்தான் ஈவ்லின் லிங்கன் என்றொரு செயலாளர் இருந்தார். பாதி கிடைத்ததும் மீதியை யாரோ இட்டுக்கட்டிவிட்டார்கள். லிங்கனைச் சுட்ட பூத் பிறந்த 1838ஐக்கூட 1839 ஆக்கியிருக்கிறார்கள். கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட் பிறந்த 1939க்குச் சரியாக நூறு வருடம் வர வேண்டுமே!

பொருந்தாததை யார் எண்ணுகிறார்கள்? ஒருவர் இறந்தது ஏப்ரலில், 56 வயதில். மற்றவர் நவம்பரில், 46இல்.

சித்தப்பாவுக்கு ஃபோன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

“அதெல்லாம் சரிடா. அந்த ஃபோர்டு?”