ஸ்கூபா முடிச்ச கையோட ஊட்டி பஸ் ஏறாதீங்க

லீவுக்கு அந்தமான், புதுச்சேரினு ஸ்கூபா (காற்று சிலிண்டரோட கடலுக்கடியில நீந்துறது) பழகப் போற ஊட்டி, குன்னூர் பிள்ளைங்க கவனிங்க. டைவ் முடிச்சதும் விமானம் ஏறக்கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். மலை ஏறுற பஸ்ஸுக்கும் அதே கணக்குதான். ஊட்டி சுமார் 2,240 மீட்டர். பறக்கும்போது விமானத்துக்குள்ள இருக்கிற காற்றழுத்தமும் ஏறக்குறைய இந்த உயரத்துல இருக்கிற அளவுதான்.

ஆழத்துல உடம்புல கரைஞ்ச நைட்ரஜன், மலைப்பாதையில பர்லியாறு தாண்டி ஏற ஏற, சோடா மூடி திறந்த மாதிரி குமிழியாகலாம். மூட்டு வலி, மரத்துப்போறது, தலைசுற்றல் எல்லாம் அதனாலதான். ஒரே டைவ்னா 12 மணி நேரம், பல டைவ்னா குறைஞ்சது 18 மணி நேரம் கீழேயே இருக்கணும். மதியம் வரைக்கும் புதுச்சேரியில ரெண்டு மூணு டைவ், விடியும்போது ஊட்டி? வேண்டவே வேண்டாம். கோவையில ஒரு ராத்திரி தங்கிடுங்க.

போகும்போது மலை இறங்கையில காது அடைக்குமே, அங்கேயே மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதிப் பழகுங்க. கடல்ல வலி வர்றதுக்கு முன்னாடியே இதைச் செய்யணும். சளி இருந்தா தண்ணியில இறங்காதீங்க.