எபாக்சிக்குச் சூடு வேண்டும்

வீட்டில் மரத் தகடும் கண்ணாடி இழைத் துணியும் அடுக்கிப் பலகை செய்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். கையில் ஒட்டவில்லை என்பதால் எபாக்சி, அதாவது இரண்டு திரவங்களைக் கலந்ததும் இறுகும் பசை, முழுதாக இறுகிவிட்டது என்று நினைக்காதீர்கள். அறை வெப்பத்தில் மட்டும் இறுகியது, நல்ல வெயிலில் கிடந்தால் மறுபடி இளகும். பெரும்பாலான வகைகளுக்கு 50, 60 டிகிரியில் சில மணி நேரச் சூடு பெரிய பலம். 10 டிகிரி கூடினால் இறுகும் நேரமும் ஏறக்குறைய பாதியாகும்.

ஆனால் சூடு பட்டதும் பசை முதலில் தண்ணீராக இளகி ஓரத்தில் வழியும். அதனால் கொஞ்சம் கெட்டியானபின் மெதுவாக ஏற்றுவதே எனக்குப் பிடித்த வழி. வெப்பமானி பலகையைத் தொட்டு இருக்கட்டும். காற்றின் சூடு வேறு, பலகையின் சூடு வேறு. அப்புறம், பலகையை அச்சோடு அழுத்திப் பிடித்திருக்கும் கிளாம்பை அவசரமாகக் கழற்றாதீர்கள். அச்சிலேயே ஆறட்டும், இல்லையென்றால் வளைந்துவிடும்.