கேட்காமலே எழுதிய ‘இல்லை’

மனநலப் பிரிவில் செவிலியராகச் சேர்ந்த புதிதில், பெண்களின் சேர்க்கைப் படிவத்தில் மது, புகையிலை, பிற போதைப்பொருள் என்றிருக்கும் மூன்று கட்டங்களிலும், எதையும் கேட்காமலே ‘இல்லை’ என்று நிரப்பி வந்தேன். ஆண்களிடம் மட்டும் தவறாமல் கேட்பேன். உறவினர் அருகில் நிற்கும்போது ஒரு பெண்ணிடம் இதைக் கேட்பது மரியாதையல்ல என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தனியே அழைத்துக் கேட்டிருக்கலாம் என்பது தெரியாமல் இல்லை.

மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கப்படும் க்ளோசபைன் மருந்தை உட்கொண்டுவந்த ஒரு பெண்ணுக்கு, வீட்டில் சாப்பிட்ட அதே அளவையே வார்டிலும் கொடுத்தோம். ஒரு வாரத்துக்குள் எழுந்து உட்காரவும் முடியாத தூக்கம், தலையணை நனையுமளவு எச்சில். நோய்தான் முற்றுகிறதோ என்றுகூட எங்களுக்குள் பேச்சு எழுந்தது. மருத்துவர் தனியே விசாரித்தபோது, பல ஆண்டுகளாகப் புகைப்பதாகவும் வார்டில் அதற்கு வழியில்லாததால் நிறுத்திவிட்டதாகவும் சொன்ன அவர், “என்னிடம் யாரும் கேட்கவில்லையே” என்றார். சிகரெட் புகையிலுள்ள சில வேதிப்பொருள்கள் கல்லீரலின் ஒரு நொதியைத் தூண்டி, க்ளோசபைன், ஓலன்சபைன் போன்ற மருந்துகளை வேகமாகச் சிதைக்கச் செய்கின்றன. புகைப்பதை நிறுத்தினால் சில நாள்களில் நொதியின் வேகம் தணிந்து, பழைய அளவு மருந்தே ரத்தத்தில் மிகையாகிவிடுகிறது. இதற்குக் காரணம் புகையே தவிர நிகோடின் அல்ல என்பதால், மெல்லும் புகையிலையால் இப்படி நேர்வதில்லை. மருந்தைக் குறைத்ததும் அவர் தெளிந்தார். படிவத்தில் இருந்தது என் கையெழுத்து.

மதுவிலும் பெண்ணுடலின் கணக்கு வேறு. உடலில் நீரின் பங்கு குறைவு என்பதால், அதே அளவு மது பெண்ணின் ரத்தத்தில் கூடுதலாக ஏறுகிறது. குடிக்கத் தொடங்கியதற்கும் அடிமையாவதற்கும் இடைப்பட்ட காலமும் பல பெண்களுக்குச் சுருங்கிவிடுகிறது.

தூக்க மாத்திரையைப் போதை என்று பெரும்பாலும் யாரும் எண்ணுவதே இல்லை, எடுத்துக்கொடுக்கும் நாங்கள் உட்பட. டயஸிபாம், அல்பிரசோலம் வகை மாத்திரைகள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் பரிந்துரைக்கப்படுகின்றன. மதுவோடு சேர்ந்தால் மூச்சை ஒடுக்கக்கூடிய இவற்றை, நீண்டநாள் பழகியபின் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். ஆகவே “போதைப் பழக்கம் உண்டா?” என்று கேட்டு நல்ல பதில் கிடைக்காது, “தூக்கத்துக்கு என்னென்ன எடுத்துக்கொள்கிறீர்கள், தீர்ந்துபோனால் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டால் பலர் மனம்விட்டுப் பேசுகிறார்கள்.

இப்போது உறவினரை வெளியே அமரவைத்துவிட்டுத்தான் அந்தக் கட்டங்களுக்கு வருகிறேன். குழந்தையைப் பிரித்துவிடுவார்களோ என்று அஞ்சும் தாய் முதல் நாளில் உண்மையைச் சொல்லமாட்டார். மூன்றாம் நாள், தலைவாரிக்கொள்ளும்போது தானாகவே சொன்னவர்களும் உண்டு. ‘இன்னும் சொல்லவில்லை’ என்றொரு கட்டம் படிவத்தில் இல்லாததால், அதுவரை ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டு வைக்கிறேன்.