எர்த் துளையில் ஒரு பேனா மூடி

சுவிட்ச், சாக்கெட் தயாரிக்கும் நிறுவனம் ஒன்றில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தேன். "ஷட்டர் வச்ச சாக்கெட்ல ப்ளக் போகமாட்டேங்குதுன்னு புகார் வருது, என்னன்னு பாருங்க" என்றார் மேலாளர். ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கினால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது.

துளைக்குப் பின்னால் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் கதவுதான் ஷட்டர். குழந்தை ஹேர்பின்னை விட்டாலும் அது மின்சாரம் வரும் ஃபேஸ் முனையைத் தொடாது. பிரிட்டனில் 1947-ல் வந்த பிஎஸ் 1363 தரநிலையிலேயே ஷட்டர் உண்டு. எங்கள் மாடலில் அந்தக் கதவைத் திறப்பது எர்த் பின். மூன்று பின் ப்ளக்கில் அதுதான் நீளமானது. சொருகும்போது எர்த் முதலில் சேர வேண்டும், பிடுங்கும்போது கடைசியில் விட வேண்டும் என்பதற்காக அந்த நீளம். முதலில் நுழைவதையே சாவியாக்கிவிட்டார்கள். வரைபடத்தில் பார்த்தால் குறை சொல்லவே முடியாது.

புகார் தந்த ஒருவர் வீட்டுக்குப் போனேன். கட்டிலுக்குப் பக்கத்தில் எங்கள் சாக்கெட். அதன் எர்த் துளையில் நீல நிற பேனா மூடி ஒன்று இறுகச் சொருகியிருந்தது. கீழே இரண்டு பின் சார்ஜர்.

"டெஸ்டரால குத்திக் குத்திப் போட்டுட்டிருந்தேன் சார். தினமும் யாரு தேடுறதுன்னு இதையே வச்சுட்டேன்."

ஷட்டர் இரவும் பகலும் திறந்தே கிடந்தது. எனக்குச் சட்டென்று கோபம்தான் வந்தது. ஆனால் எர்த் பின்னே இல்லாத ப்ளக்கை வைத்துக்கொண்டு அவர் வேறு என்ன செய்வார்? சாவியில்லாத ஆளுக்குப் பூட்டைக் கொடுத்தது நாங்கள். அவர் கள்ளச்சாவி செய்துகொண்டார். ஷட்டரே இல்லாத சாக்கெட்டில்கூட மின்சாரத் துளைக்குப் பக்கத்தில் டெஸ்டரைக் கொண்டுபோக அவருக்குத் தேவை வந்திருக்காது.

எர்த்தை நம்பாத ஷட்டர் செய்தோம். உள்ளே ஒரு பட்டை. ஒரு பக்கம் மட்டும் அழுத்தினால் சாய்ந்து பூட்டிக்கொள்ளும். இரண்டு பின்னும் சேர்ந்து அழுத்தினால்தான் விலகும். ஒரு மில்லிமீட்டர் கம்பியால் எப்படிக் குத்தினாலும் திறக்கவில்லை. எங்களுக்குள் கைகுலுக்கிக்கொண்டோம்.

மாதிரியைப் பயன்படுத்திப் பார்க்க ஒரு வயதான அம்மாவிடம் கொடுத்தோம். அவர் சாக்கெட்டைப் பார்க்கவே இல்லை. இடது ஆள்காட்டி விரலால் துளைகளைத் தடவி, அந்த விரலை அடையாளமாக வைத்து வலது கையால் ப்ளக்கைச் சரிவாகக் கொண்டுவந்தார். ஒரு பின் முதலில் பட்டது, பட்டை பூட்டிக்கொண்டது. இன்னும் பலமாக அழுத்தினார். அது இன்னும் இறுகியது. "கெட்டுப்போச்சு தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பரிசோதனை மேசையில் நாங்கள் எல்லோரும் குனிந்து, நேராகப் பார்த்துச் சொருகியிருக்கிறோம். வீட்டில் யார் அப்படிச் சொருகுகிறார்கள்?

ஜெர்மனியின் ஷூக்கோ சாக்கெட் போல முகப்பையே ஆழமாகக் குழிக்கலாம் என்றார் ஒரு நண்பர். ப்ளக் தானாக நேராகிவிடும், பாதி நுழைந்த பின்னில் விரலும் படாது. நல்ல யோசனைதான். ஆனால் அகலமான சார்ஜர்கள் குழியின் விளிம்பிலேயே நின்றுவிடும். கடைசியில் துளைகளின் வாயைப் புனல் போலச் சரித்தோம். ஷட்டரைப் பின்னுக்குத் தள்ளினோம். பின்கள் கொஞ்சம் உள்ளே போய், நேரான பிறகுதான் பட்டையைத் தொடும். மோல்டிங்காரர்கள் திட்டித் தீர்த்தார்கள்.

பேனா மூடிக்காரர் வீட்டில் புதியதை மாட்டிவிட்டு, சார்ஜரை அவரிடமே கொடுத்தேன். பழக்கத்தில் அவர் கை டெஸ்டரைத் தேடியது. வேண்டாம், அப்படியே போடுங்கள் என்றேன். போட்டார், போனது. எடுத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தார். பிறகு எர்த் துளையைக் காட்டிக் கேட்டார்:

"அப்ப இந்த மேல்துளை எதுக்கு சார்?"