'நாங்க'ன்னா யாரு?

நான் முதலில் வழிகாட்டப் போன தம்பியின் நேர்காணலைக் கெடுத்தவன் நான்தான். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

மலேசியாவில், பினாங்கு பாயான் லெப்பாஸில் டெஸ்ட் இன்ஜினியராக இருக்கிறேன். படித்தது மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் (யூ.எஸ்.எம்.) பொறியியல் வளாகத்தில், பாலம் தாண்டி நிபோங் திபாலில். பழைய மாணவர்கள் ஆளுக்கு வேலை தேடும் மாணவர் ஒருவரையாவது பார்த்துக்கொள்ளலாமே என்று எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு வந்தபோது, முதலில் சரி என்றவன் நான். கம்பெனியில் பலரை நேர்காணல் செய்தவன், இதில் என்ன கஷ்டம் என்ற நினைப்பு.

எனக்குக் கிடைத்த தம்பி கூலிம் பக்கம். அப்பா லோரி ஓட்டுகிறார். ரெஸ்யூமேயில் பாதிக்கு மேல் பள்ளிக்கூடத்துச் சான்றிதழ்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து முழுவதையும் நானே மாற்றி எழுதினேன். லத்திஹான் இண்டஸ்ட்ரியில் (தொழிற்பயிற்சியில்) அவன் அளவெடுத்து எக்செலில் போட்டதை 'ப்ராசஸ் கேப்பபிலிட்டி ஆய்வு' என்று ஆக்கினேன், அதாவது தயாரிப்பின் அளவுகள் அனுமதித்த எல்லைக்குள் எவ்வளவு நன்றாக அடங்குகின்றன என்று பார்ப்பது. பொய்யில்லை, அவன் போட்ட கணக்குக்குப் பெயர் அதுதான். ரெஸ்யூமே பளபளவென்று ஆகிவிட்டது. நேர்காணலுக்கும் கூப்பிட்டார்கள்.

அங்கே ஒருவர், "சிபிகே 1.33 என்றால் என்ன?" என்று கேட்டிருக்கிறார். அந்த ஆய்வில் கிடைக்கும் எண் அது, எங்கள் தொழிலில் தினமும் புழங்கும். சராசரிக்கும் அதற்குப் பக்கத்தில் இருக்கும் எல்லைக்கும் நடுவே நான்கு சிக்மா (அளவுகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதன் கணக்கு) இடைவெளி இருக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். தம்பிக்கு வாய் வரவில்லை. அந்த எண்ணை அவன் எக்செலில் பார்த்தவன்தான். ஆனால் ரெஸ்யூமேயில் இருந்தது என் பேச்சு. அப்புறம் கேட்டதற்கெல்லாம் தடுமாறியிருக்கிறான். "பரவால்லண்ணே, பாத்துக்கலாம்" என்று அவன் எனக்கு ஆறுதல் சொன்னான் பாருங்கள், அது இன்னும் உறுத்துகிறது. (பிறகு வேறு இடத்தில் சேர்ந்துவிட்டான். அதில் எனக்குப் பங்கு எதுவும் இல்லை.)

என் அத்தை பாயான் லெப்பாஸில் ஆபரேட்டராக இருந்தவர். 1970களின் தொடக்கத்தில் இண்டெல், ஏ.எம்.டி., எச்.பி. என்று இங்கே வந்து இறங்கிய முதல் எட்டுக் கம்பெனிகளை 'எட்டு சாமுராய்' என்பார்கள். அத்தை சேர்ந்தது அதற்குச் சில வருடம் கழித்து. மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, முடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை நாள் முழுக்கச் சில்லில் ஒட்ட வேண்டும். ஃபேக்டரி பஸ், ஷிப்ட், ஓ.டி. எல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அதே ஃபேக்டரியில் இன்ஜினியர் என்ன செய்வார் என்று கேட்டால், "ஏதோ பேப்பரும் கையுமா நடப்பாங்கடா" என்பார். நம் வீடுகள் பலவற்றில் இதுதான் நிலைமை. பிள்ளை எப்படியோ பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் வாங்கிப் பட்டம் வரைக்கும் வந்துவிடும். நேர்காணலில் என்ன கேட்பார்கள், முதல் சம்பளம் எவ்வளவு கேட்கலாம் என்று விசாரிக்க அந்தத் துறையில் ஒரு மாமாவோ சித்தப்பாவோ இருக்க மாட்டார். பழைய மாணவர்கள் நிரப்ப வேண்டியது அந்த மாமாவின் இடத்தைத்தான். எந்த மாமாவும் மருமகனுக்காகப் பரீட்சை எழுதிக் கொடுப்பதில்லை. நான் அதைத்தான் செய்திருந்தேன்.

போன வருடம் என்னிடம் வந்த தங்கச்சி தைப்பிங்காரி. நிபோங் திபாலில் ஒரு மாமாக் (இந்திய முஸ்லிம்) சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். லேப்டாப்பை நான் எடுத்துப் போகவே இல்லை.

"ஃபைனல் இயர் புராஜெக்ட் என்ன?"

"காளான் குடில்ல ஈரப்பதம் குறைஞ்சா தானா தண்ணி தெளிக்கிற சிஸ்டம். நாங்க செஞ்சோம்ணே."

"'நாங்க'ன்னா யாரு?"

"நாலு பேரு."

"அதுல நீ செஞ்சது என்ன?"

"எல்லாரும் சேந்துதாண்ணே செஞ்சோம்."

'நான்' என்று சொல்ல நம் பிள்ளைகளுக்குக் கூச்சம். சொல்கிறவனைத் தம்பட்டம் அடிக்கிறான் என்று கிண்டல் செய்ததும் நாம்தானே. நேர்காணல் அறையில் அந்த அடக்கத்தை யாரும் அடக்கம் என்று எடுத்துக்கொள்வதில்லை. இவர் ஒன்றும் செய்யவில்லை போலிருக்கிறது என்று அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

ஆங்கிலத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தமிழில் சொல்லு என்றேன். ரொட்டி சானாய் ஆறிப்போகும் வரைக்கும் வாய் திறக்கவில்லை. பிறகு மெதுவாக வந்தது. "பம்ப் ஓட ஆரம்பிச்சா கன்ட்ரோல் போர்டு செத்துரும்ணே." மற்ற மூவரும் புரோகிராமில் தப்பு என்று அதையே நோண்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவள் லேப்பில் ஆசிலோஸ்கோப்பை (வோல்டேஜ் ஏறி இறங்குவதைக் கோடாக வரைந்து காட்டும் கருவி) கேட்டு வாங்கி, கரண்ட் சப்ளையில் அதன் புரோபை மாட்டிப் பார்த்திருக்கிறாள். பம்ப் கிளம்பும் நேரத்தில் மட்டும் ஐந்து வோல்ட் சட்டென்று சரிகிறது. டிஷ்யூ பேப்பரில் அந்தப் பள்ளத்தை வரைந்தே காட்டினாள், பேனா முனையில் பேப்பர் கிழிந்தது. பம்ப்புக்குத் தனி சப்ளை கொடுத்த பிறகு போர்டு ஒழுங்காக ஓடியிருக்கிறது.

டெஸ்ட் இன்ஜினியர் வேலைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ரெஸ்யூமேயில் இதைப் பற்றி ஒரு எழுத்துகூட இல்லை. 'டீம்வொர்க்' மட்டும் இரண்டு இடத்தில் இருந்தது.

அதற்குப் பிறகு மூன்று சனிக்கிழமை. முதலில் தமிழில் சொல்வாள், அப்புறம் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். இடையில் ஏன், எப்படி என்று கேட்பது மட்டும் என் வேலை. சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது. நல்ல சொல் நாக்கு நுனியில் நிற்கும், தே தாரிக்கோடு சேர்த்து விழுங்கிவிடுவேன்.

ஒரு நாள் ராத்திரி பதினொரு மணிக்கு ரெஸ்யூமேயை அனுப்பினாள். ஸ்கோப் கதை மூன்று வரியில், மூன்றுமே 'நான்' கணக்கில். நடு வரியில் ஒரு இலக்கணப் பிழை. திருத்தக் கை போய்விட்டது. கையை எடுத்துக்கொண்டு, "புராஜெக்ட் பகுதியில் ஒரு தப்பு இருக்கு, கண்டுபிடி" என்று மட்டும் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "ரெண்டு இருக்குண்ணே." இரண்டாவதை நான் பார்க்கவே இல்லை.