அம்மாவின் முட்டியும் ஷிம்லாவும்

ஷிம்லா போவது என்று முடிவானதும் ஒறம்பரையில் எல்லாரும் கேட்டது ஒரே கேள்விதான்: “அவ்வளவு உசரத்துல அம்மாவுக்கு மூச்சு வாங்காதா?”

எங்களுக்குக் கோயமுத்தூர். அம்மா ஊட்டியில் பல வருஷம் டீச்சராக இருந்தவர். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர், ஷிம்லா ஏறத்தாழ 2,200. தொட்டபெட்டா உச்சி 2,637. ஷிம்லாவின் உச்சியான ஜாக்கு 2,455தான். இமயமலை என்றதும் நமக்குக் கண்ணில் எவரெஸ்ட் வந்துவிடுகிறது. அம்மாவுக்கு மூச்சு ஒன்றும் ஆகாது. தேய்ந்துபோன முட்டிதான் என் கவலை.

ஷிம்லா ஒரு மலை முகட்டின் மேல் நீளவாக்கில் உட்கார்ந்திருக்கும் ஊர். முகட்டை ஒட்டிய கடைவீதியான மால் ரோட்டில் வண்டி விடமாட்டார்கள். டாக்ஸி எல்லாம் கீழே கார்ட் ரோட்டோடு சரி. அங்கிருந்து மேலே போக செங்குத்தான பாதையும் படிகளும். மேப்பில் ஓட்டலுக்கும் மால் ரோட்டுக்கும் நூறு மீட்டர் என்று காட்டும். அந்த நூறு மீட்டருக்குள் நாலு மாடி ஏற்றம் இருப்பதைக் காட்டாது. அதனால் மேப்பை மூடிவைத்துவிட்டு ஒவ்வொரு ஓட்டலாகப் போன் போட ஆரம்பித்தேன்.

“மால் ரோட்டுக்கு எவ்வளவு தூரம்?”

“அஞ்சு நிமிஷ நடைதான் மேடம்.”

“ஏறணுமா, இறங்கணுமா?”

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. “கொஞ்சம் படி இருக்கு.”

“எத்தனை படி?”

“பழகிட்டா தெரியாது மேடம்.”

மலைக்காரர்களின் அஞ்சு நிமிஷத்தை நம்பக்கூடாது. கார்ட் ரோட்டிலிருந்து மால் ரோட்டுக்கு அரசு சுற்றுலாக் கழகத்தின் லிஃப்ட் ஒன்று இருக்கிறது. ஒரு லிஃப்டில் ஏறி, நடுவில் கொஞ்சம் நடந்து, இன்னொரு லிஃப்டில் ஏற வேண்டும். அந்த லிஃப்டுக்கு மேல்வாசலிலிருந்து சமதளமாக நடந்து போகிற மாதிரி ஒரு ஓட்டல், அதுவும் உள்ளே படியேறாத அறை. இதுதான் நான் தேடியது. வாடகை கொஞ்சம் கூடத்தான். அறையிலிருந்து பள்ளத்தாக்கு தெரியாதாம். தெரியாவிட்டால் போகிறது, சாயங்காலம் சர்ச் முன்னாடி ரிட்ஜ் என்கிற திறந்தவெளியில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் ஊர் டிராவல்ஸ்காரரிடம் விசாரித்தால் “ஷிம்லா - குஃப்ரி - மணாலி” என்று ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார். ஷிம்லாவிலிருந்து மணாலி 250 கிலோமீட்டர். மலைப்பாதையில் எட்டு மணி நேரம் குறையாமல் ஆகும். ஊட்டி ரோட்டில் பர்லியார் வளைவுக்கே எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருகிற ஆள் அம்மா. மணாலியை வெட்டினேன். குஃப்ரியில் சேற்றுக்குள் குதிரை சவாரி செய்ய இந்த முட்டியோடு யார் போவது? அதையும் வெட்டினேன். “அப்ப அங்க போயி என்னதான் பண்ணுவீங்க?” என்றார். சும்மா இருப்போம் என்றேன். அவருக்கு அது புரியவில்லை.

எந்த மாசம் என்பதில் அம்மாவோடு ஒரு சின்ன வழக்கு. மே மாசம் வட இந்தியாவே அங்கேதான் நிற்கும். மழைக்காலம் வேண்டவே வேண்டாம்: 2023 ஆகஸ்டில் சம்மர் ஹில் பக்கம் சரிந்த சரிவில், அடியில் இருந்த மண் மொத்தமும் போய் ரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது. ஜனவரி, பிப்ரவரியில் பனி விழும். விழுந்த பனி உறைந்தால் பாதை வழுக்கும். மிச்சம் இருப்பது அக்டோபர் பின்பாதி. வானம் தெளிவாக இருக்கும், தூரத்துப் பனிமலைகள் தெரியும், ஆனால் ஊருக்குள் பனி இருக்காது.

“அப்ப பனியக் கையில தொட முடியாதா கண்ணு?”

“முடியாதும்மா.”

ரெண்டு நாள் பேச்சில்லை. அப்புறம், “பாத்தாப் போதும், தொட்டு என்ன பண்ணப்போறேன்” என்று அவரே இறங்கி வந்தார்.

ரயில் விஷயத்தில் மட்டும் பேரமே கிடையாது. கோவையிலிருந்து டெல்லிக்கு விமானம், ராத்திரி அங்கே தங்கல், காலை சதாப்தியில் கால்கா, அங்கிருந்து மதிய மலை ரயில். 1903-ல் திறந்த பாதை, 96 கிலோமீட்டர், நூற்றுக்கு மேல் சுரங்கங்கள். நம்ம மேட்டுப்பாளையம் ரயில் 2005-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிவிட்டது, இது 2008-ல்தான் என்பதில் அம்மாவுக்கு ஒரு பெருமை. ஆனால் இங்கே கல்லாறு தாண்டினால் பல்சக்கரம் வேண்டும்; அங்கே பல்லே கிடையாது. வளைந்து வளைந்து சரிவைக் குறைத்தே மேலே கொண்டுபோய்விடுகிறார்கள். 33-ம் நம்பர் சுரங்கம்தான் இருப்பதிலேயே நீளம், ஒரு கிலோமீட்டருக்கு மேல். பரோக் என்ற வெள்ளைக்கார இன்ஜினியர் ரெண்டு பக்கமும் தோண்டச் சொல்லி, ரெண்டும் நடுவில் சேரவே இல்லையாம். ஒரு ரூபாய் அபராதம் போட்டார்கள், அந்த அவமானத்தில் சுட்டுக்கொண்டு செத்தார் என்று கதை சொல்வார்கள். அந்த ஸ்டேஷனுக்கு அவர் பேர்தான். அங்கே வண்டி கொஞ்ச நேரம் நிற்கும், கட்லெட் கிடைக்கும்.

அம்மாவே கேட்டு வாங்கிய ஒரே இடம் வைஸ்ராய் மாளிகை. 1888-ல் கட்டியது, 1945 ஷிம்லா மாநாடு நடந்த இடம். அதற்காக இல்லை. அதை உயர் ஆய்வு நிறுவனமாக மாற்ற வேண்டும் என்று நினைத்து 1965-ல் திறந்தும் வைத்தவர் ராதாகிருஷ்ணன். திருத்தணிக்காரர், ஆசிரியர் தினக்காரர். டீச்சருக்கு வேறு காரணம் வேண்டுமா?

ஜாக்கு அனுமார் கோயிலுக்கு ரோப் காரில் போகிறோம். அங்கே குரங்குகள் மூக்குக் கண்ணாடியைத்தான் குறிவைக்குமாம். தின்ன ஏதாவது கொடுத்தால்தான் திருப்பித் தருமாம். அம்மாவின் கண்ணாடி சோடாபுட்டி, மாற்று ஜோடி கிடையாது. கழுத்தில் மாட்டுகிற கயிறு ஒன்று வாங்கி இப்போதே போட்டுப் பழகச் சொல்லியிருக்கிறேன். “இழுத்தா நானும் கூட வருவேன், அவ்வளவுதானே” என்கிறார். அதனால் மேலே போனதும் கண்ணாடி என் கைப்பைக்குள் போய்விடும். அனுமார் சிலை 108 அடி. அது கண்ணாடி இல்லாமலே தெரியும்.

திரும்பும்போது ரயில் இல்லை, சண்டிகர் வரைக்கும் டாக்ஸி. எலுமிச்சம்பழம் எத்தனை எடுப்பது என்பதுதான் இப்போதைய பேச்சு.